சட்டை மாட்டிக்கீது

எப்போதும் தூக்கம் போதாத என் அன்பு நைனாவுக்கு,

உன் காக்கிச் சட்டை மறுபடியும் நம் வீட்டுக் கேட்டில் தொங்குகிறது. பதறாதே. கம்பெனியிலிருந்து யாரும் உன்னைக் கூப்பிடவில்லை. அந்தச் சட்டை ஏன் அங்கே போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். உனக்கென்ன, இப்போது ஷிப்ட்டுக்கா ஓட வேண்டும்?

முதலில் நல்ல செய்தி. நீ தாத்தாவாகிவிட்டாய். பையன். மூக்கு உன் மூக்கு, காது உன் மாப்பிள்ளையின் காது. கோபம் யாருடையது என்பதில்தான் இரண்டு குடும்பமும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கிறது. இனியன் என்று பெயர் வைத்திருக்கிறோம். பிறந்ததிலிருந்து ஐயா நைட் ஷிப்ட். பகலெல்லாம் கண்ணை மூடிக் கிடப்பார், விளக்கு வைத்ததும் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

உன்னைப்போலத்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டுகிற மில்லில் எத்தனை வருடம் நீ நைட் ஷிப்ட் பார்த்தாய்! காலை வண்டியில் ஆரம்பாக்கத்தில் இறங்கி, கண் சிவக்க வீட்டுக்கு வந்து, குளித்து, நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் படுப்பாய். அம்மா உன் யூனிஃபார்ம் சட்டையை அலசிக் கேட்டில் காயப்போடுவாள். அதைப் பார்த்துப் பார்த்துத் தெருவுக்கே பழகிவிட்டது. சட்டை தொங்கினால் உள்ளே நைட் ஷிப்ட்காரர் தூங்குகிறார் என்று அர்த்தம். பால்காரர் மணியடிக்கமாட்டார். ஐஸ் வண்டி சத்தமில்லாமல் தாண்டிப் போகும். ஊருக்கே கேட்கும்படி கூவுகிற மீன்கார எல்லம்மா அக்கா கூட நம் வீட்டைக் கடக்கும்போது வாயில் முந்தானையை வைத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள்ளே இன்னும் மோசம். குக்கர் வைக்கக்கூடாது, டி.வி. போடக்கூடாது. பள்ளிக்கூடப் பாட்டை நான் உதடு மட்டும் அசைத்துத்தான் மனப்பாடம் செய்தேன். யாராவது குரலை உயர்த்தினால் அம்மா ஜாடை காட்டி, "சட்டை மாட்டிக்கீது" என்பாள். நம் வீட்டில் அதற்கு 'வாயை மூடு' என்று பொருள். நீ ரிட்டயர் ஆன பிறகும், சட்டை பீரோவுக்குள் போன பிறகும், அந்தப் பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் மைக் செட்டுக்காரரிடமே அம்மா அதைச் சொல்லி, அவர் தன் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றில் இவன் இருக்கும்போது எனக்குப் பிரஷர் வந்தது நைனா.

முதலில் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. எல்லாரும் பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பிறகு முகம் ஊதியது, மோதிரம் கழலவில்லை, ஒரு நாள் தலைவலியோடு கண் முன்னால் பூச்சி பறந்தது. வேப்பம்பட்டிலிருந்து உன் மாப்பிள்ளை என்னை ஆட்டோவில் உட்காரவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், வீட்டுக்கு அனுப்பவில்லை.

அம்மா வார்டுக்கு வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. உனக்கும் பிரஷர்தானே. மாத்திரை அட்டைகளைப் பத்திரமாக அடுக்கி வைத்தாய், விழுங்கத்தான் இல்லை. டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டே சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதனால் பிரஷர் என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்கு அந்த பெஞ்சுதான் தெரிகிறது. நான் கட்டிலில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

நாள் வருவதற்கு முன்னாலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இவன் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தான். கொஞ்ச நாள் குழந்தைகள் வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் ஒரு மாடியில், அவன் ஒரு மாடியில். பால் பீய்ச்சிக் கொடுத்தனுப்புவேன். கையில் கொடுத்த நாளில் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நானும் அழுதேன். ஆனால் நைனா, உன்னிடம் பொய் சொல்ல முடியாது. எனக்குள் எதுவும் அசையவில்லை. அடுத்த கட்டில்காரியின் குழந்தையை மாற்றிக் கொடுத்திருந்தாலும் அப்படியேதான் வாங்கியிருப்பேன்.

அப்புறம் ஆரம்பாக்கத்துக்கு வந்தோம், தாய்வீட்டுக்கு. உன் மாப்பிள்ளை ஒரு பிரஷர் மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டு, திருவள்ளூர் பக்கத்துக் கம்பெனியில் தன் ஷிப்ட்டைப் பார்க்கப் போனார். லீவு நாளில் வருவார். அந்த மெஷின் வந்ததிலிருந்து நம் வீட்டில் அதுதான் பெரிய மனுசன். கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினால் போதும், அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எண் சரியாக வந்தால் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடுவாள். நான் மாத்திரையை ஒழுங்காக விழுங்கினேன். உன் மகளாக இருந்தும் விழுங்கினேன்.

எண் மெல்ல மெல்லச் சரியானது. நான் சரியாகவில்லை.

இவன் இரவெல்லாம் விழித்திருப்பான். சின்ன உடம்பு, கொஞ்சமாகத்தான் குடிப்பான், உடனே பசிக்கும். அது பரவாயில்லை, எல்லாக் குழந்தையும் செய்கிற வேலைதான். பிரச்சினை என்னவென்றால், அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் மூச்சு நின்றுவிட்டதோ என்று கையை வைத்துப் பார்ப்பேன். வைத்த கையால் எழுந்துவிடுவானோ என்று எடுப்பேன். பிறகு எதற்கென்று இல்லாமல் கண்ணீர் வரும். பல் விளக்கப் போனால் பிரஷை எடுத்துக்கொண்டு அப்படியே நிற்பேன். யாராவது சிரித்துப் பேசினால் எரிச்சலாக இருக்கும். யாரும் பேசாவிட்டால் அதுவும் எரிச்சல்.

நான் அழுதால் அம்மா மெஷினைக் கொண்டுவந்தாள். பட்டையைச் சுற்றுவாள், எண்ணைப் பார்ப்பாள். "பிரஷர் நல்லாதானே கீது. அப்பறம் இன்னாத்துக்கு அழுவற?" என்பாள். அவள் கேள்வியில் தப்பில்லை. மெஷின் என்னை நார்மல் என்றது. அதற்குமேல் வாதாட எனக்கே வழி தெரியவில்லை.

பகலில் சில நேரம், இவனும் தூங்கி, காற்றும் வந்து, கண் தானாகச் செருகும். அப்போது அம்மா வந்து எழுப்பிவிடுவாள். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, காவல் காத்து எழுப்புகிறாள். சில சமயம் முகத்தில் தண்ணீர் தெளிப்பாள், சில சமயம் பூண்டு உரிக்கச் சொல்லித் தட்டை மடியில் வைப்பாள். பிள்ளை பெற்றவள் பகலில் தூங்கினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மறுபடியும் கால் வீங்கும் என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். வீங்கிய காலைப் பார்த்தவள் அல்லவா? அந்த வீக்கம்தான் அவளுக்கு எமன். என் தூக்கத்தைக் கலைத்தால் எமனை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்று நினைத்துவிட்டாள்.

உன் பகல் தூக்கத்துக்கு ஊரையே வாயடைத்தவள் நைனா இவள். என்னைத் தட்டி எழுப்பும்போது அந்த வேடிக்கை எனக்குத் தெரியாமல் இல்லை. சிரிக்கத்தான் தெம்பு இல்லை.

இந்த நேரத்தில் வேப்பம்பட்டிலிருந்து என் மாமியார் வந்தார். நல்ல மனுசிதான், நீ நினைக்கிற மாதிரி இல்லை. என்னைப் பார்த்ததுமே அவருக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டார்.

"நீ கொஞ்ச நாளு நல்லா ரெஸ்ட் எடு மஞ்சு. புள்ளைய நான் ஊட்டுக்கு எடுத்துக்கினு போறேன். பால் டப்பா குடுத்துப் பாத்துக்கலாம்."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடுத்துக்கினு போங்க அத்தை" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்ட குடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வது போலச் சொன்னேன். அவனுடைய துணிகளை மடித்து ஒரு பையில் வைக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

அடுப்படியில் இருந்த அம்மா அப்படியே வெளியே வந்து நின்றாள். என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். மாமியாரும் பயந்துபோய்விட்டார், நான் அழுது மறுப்பேன், பிறகு சமாதானம் செய்யலாம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். கடைசியில் மாமியாரே, அடுத்த வாரம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு கிளம்பினார்.

அவர் போன பிறகு அந்தப் பையைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. அவன் போயிருந்தால் தேடியிருப்பேனா? தேடியிருக்கமாட்டேன் என்றுதான் தோன்றியது. அவனுக்கு அம்மா இல்லாமல் போய்விடும் என்ற நினைப்பைவிட, அது எனக்கு வலிக்காது என்ற நினைப்புதான் பயமாக இருந்தது. நீ இருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? நீயும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பாய்.

மறுநாள் பிரஷர் பார்க்க கிராம நர்ஸ் வந்தார். எப்போதும் வருகிறவர்தான். இந்தத் தடவை அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தி, துணி மடித்த கதையைக் காதும் காதும் வைத்தாற்போல் சொல்லியிருக்கிறாள். நர்ஸம்மா உள்ளே வந்து பிரஷர் பார்த்தார், குழந்தையை எடை பார்த்தார், இரண்டும் சரி என்றார். பிறகு சாமான்களைப் பையில் போடாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தூக்கமெல்லாம் எப்படி என்றார். இரவில் தூங்குவதே இல்லை, பகலில் கொஞ்சம் தூங்குவான் என்றேன்.

"கொழந்தைய கேக்கல மஞ்சு. அவன் தூங்கறப்ப நீ தூங்கறியா?"

அத்தனை நாளும் எல்லாரும் என் பிரஷரைக் கேட்டார்கள், தையலைக் கேட்டார்கள், பால் சுரக்கிறதா என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். அம்மா பழக்க தோஷத்தில் மெஷினை எடுக்கப் போனாள். நர்ஸம்மா வேண்டாம் என்று கையமர்த்தினார்.

அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை என்னுடையது போலவே இல்லை என்பதையும் சொன்னேன். எனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றியதா என்று நேராகவே கேட்டார். இல்லை, எங்காவது காணாமல் போய்விட்டால் தேவலை என்று மட்டும் இருந்தது என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பிரஷரோடு பிள்ளை பெற்று, குழந்தையைப் பிரிந்து கிடந்து வந்தவர்களுக்கு இப்படி மனசு படுத்துவிடுவது உண்டு என்றார். இது திமிரும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை, வைத்தியம் இருக்கிறது என்றார். மனநல டாக்டரைப் பார்க்க எந்தக் கிழமை போக வேண்டும் என்பதையும் சொன்னார்.

பிறகு அம்மா பக்கம் திரும்பி, பகலில் இவளைக் கொஞ்சம் சேர்ந்தாற்போல் தூங்க விடுங்கள் என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பகலில் தூங்கினால் கால் வீங்கிவிடாதா, மறுபடியும் பிரஷர் ஏறினால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். பிரஷர் ஏறியதால்தான் அந்த அளவுக்கு வீங்கியது, தூங்கியதால் இல்லை, தூக்கமே இல்லாமல் இருந்தால்தான் பிரஷருக்குக் கெடுதல் என்றார் நர்ஸம்மா. அம்மா விடவில்லை.

"நாங்கல்லாம் பெக்கலியா? பகல்ல தூங்குனமா? இவ இன்னா கம்பெனிக்கா போயி வரா, ஊட்லதானே கீறா?"

நர்ஸம்மா சண்டைக்குப் போகவில்லை. "ராத்திரி பூரா கண்ணு முழிக்கிறவ பகல்ல தூங்காம எப்பம்மா தூங்குவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தார்.

அம்மா வெகுநேரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பூண்டுத் தட்டு அவள் மடியில் இருந்தது, உரிக்கவில்லை. அந்த வாரமே என்னை டாக்டரிடம் அழைத்துப்போனாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார், பால் கொடுக்கிறவர்களுக்குக் கொடுக்கக்கூடிய மாத்திரை எழுதினார், பேசிவிட்டுப் போக மறுபடியும் வரச் சொன்னார். அவரும் தூக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார். திரும்பி வரும்போது ரயிலில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் நான் பால் கொடுத்து முடித்ததும், அம்மா பீரோவைத் திறந்தாள். அடியிலிருந்து உன் காக்கிச் சட்டையை எடுத்தாள். பாச்சா உருண்டை வாசனை அடித்தது. உதறினாள், ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள், நேராக வாசலுக்குப் போய்க் கேட்டில் மாட்டினாள். அடுப்பில் ஏற்றியிருந்த குக்கரை இறக்கிவிட்டுப் பானையில் உலை வைத்தாள். என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, நீ பகலில் படுக்கிற மூலையில் பாயை விரித்தாள். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டாள். என்ன இதெல்லாம் என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்தாள்.

செத்துப்போன மனுசனின் சட்டையை வாசலில் மாட்டினால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். சற்று நேரத்தில் தெருக்கோடியில் எல்லம்மா அக்காவின் குரல் கேட்டது. இறால், மடவை என்று பாடிக்கொண்டே வந்த குரல் நம் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் பட்டென்று நின்றது. பழைய பழக்கம். அப்புறம்தான் நீ இல்லை என்பது அதற்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அடிமேல் அடி வைத்துக் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து, குசுகுசுவென்று கேட்டது.

"இன்னாக்கா, அண்ணன் சட்ட தொங்குது? யாரு ஊட்ல நைட் ஷிப்ட்டு?"

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். நான் பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என் பொண்ணுதான். ராத்திரி பூரா டூட்டி பாத்துட்டு இப்பதான் படுத்துக்கீறா. சத்தம் போடாம போ."

எல்லம்மா அக்கா போன காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் இது வேறு அழுகை. முடிவதற்குள் தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது மார்பு கனத்து ஜாக்கெட் நனைந்திருந்தது. வெயில் சாய்ந்திருந்தது. வீட்டில் யாரும் இல்லை. குழந்தை இல்லை. நைனா, அப்போது ஒரு பயம் வந்தது பார். என் குழந்தை எங்கே? அந்தப் பயத்தின் நடுவிலேயே எனக்கு இன்னொன்றும் உறைத்தது. நான் அவனைத் தேடுகிறேன்.

வாசலுக்கு ஓடினேன். அம்மா ஸ்டேஷன் பக்கத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள், இவன் அவள் தோளில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அழுதால் நான் எழுந்துவிடுவேன் என்று பிளாட்பாரத்துக்குக் கொண்டுபோய்விட்டாளாம். பீய்ச்சி வைத்திருந்த பாலைக் குடித்துவிட்டு, சூளூர்பேட்டை வண்டி தடதடத்துப் போனதும் தூங்கிவிட்டானாம். ஸ்டேஷனுக்குப் போக எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அம்மா சாதாரணமாகச் சொன்னாள், என்னையும் அங்கேதான் தூக்கிக்கொண்டு போவாளாம்.

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது நீ படுத்ததும், கேட்டில் சட்டையை மாட்டிவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா வெளியே போய்விடுவாளாம். நான் அழுதால் உன் தூக்கம் கெடும் அல்லவா? நீ பழுக்கக் காய்ந்த இரும்புக்கு முன்னால் நிற்கிறவன். தூக்கக் கலக்கத்தில் ஒரு அடி தப்பி வைத்தால் காலே போய்விடும். அதனால் வெயிலோ மழையோ, நீ எழுந்திருக்கும் நேரம்வரை பிளாட்பாரத்து பெஞ்சில் என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். அவளுக்கும் அப்போது கால் வீங்கித்தான் இருந்ததாம். யாரும் பட்டையைச் சுற்றிப் பார்க்கவில்லை.

அப்போது நீ எப்போதம்மா தூங்குவாய் என்று அவளைக் கேட்டேன்.

"எனக்கின்னா, நான் ஊட்லதானே இருந்தேன்" என்றாள். பிறகு நர்ஸம்மாவிடம் தான் சொன்ன அதே வார்த்தை தன் காதிலேயே விழுந்தது போலக் கொஞ்சம் நிறுத்தினாள். இனியனின் முதுகைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"எதுக்குன்னே தெரியாம அழுதுக்கினு இருப்பேன் அந்த பெஞ்சியில. ஒரு நாளு வண்டி வந்து நின்னுச்சு. உன்ன பெஞ்சியிலயே உட்டுட்டு ஏறிப் போயிட்டா இன்னான்னு தோணுச்சு. டிக்கெட்டு எடுக்கலியேன்னு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. டிக்கெட் இல்லாமல் வண்டி ஏறப் பயந்ததால் எனக்கு ஒரு அம்மா மிச்சமானாள். துணி மடித்த என்னைப் பார்த்து அவள் ஏன் அப்படி நின்றாள் என்பதும், ரயிலில் ஏன் பேசாமல் வந்தாள் என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நைனா, இது உனக்குத் தெரியுமா? தெரிந்துமா தூங்கினாய்? தெரியாமலேயே இருந்துவிட்டாயா? எதற்குக் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் கோபப்படாமல் இருக்கிறேன். நீ கை கால் முழுசாக வீடு திரும்பியதற்கு அவள் விழித்திருந்ததும் ஒரு காரணம் என்பதை மட்டும் நீ எங்கே இருக்கிறாயோ அங்கேயே குறித்துக்கொள்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். நன்றாகிக்கொண்டு வருகிறேன். ஒரே நாளில் இல்லை. மாத்திரை, டாக்டரிடம் பேச்சு, கேட்டில் சட்டை, மூன்றும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக. சில நாள் இன்னும் பிரஷைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் இவன் வாயோரத்தில் பால் ஒட்டியிருந்தால் இப்போது துடைக்கக் கை தானாகப் போகிறது. மாமியார் மறுபடியும் வந்தார், இந்தத் தடவை குழந்தையைக் கேட்காமல் துணிப்பையோடு வந்து நம் வீட்டிலேயே தங்கிவிட்டுப் போனார். உன் மாப்பிள்ளை லீவு நாளின் இரவை முழுசாக எடுத்துக்கொள்கிறார். சட்டை ராசி என்று தன் யூனிஃபார்மையும் மாட்டட்டுமா என்று கேட்டார், அம்மா முறைத்தாள். பிரஷர் மெஷின் அலமாரியில் இருக்கிறது. சொன்ன நாளில் பார்க்கிறோம், அழுகிற நாளில் பார்ப்பதில்லை.

இவனும் மெல்ல டே ஷிப்ட்டுக்கு மாறுகிற மாதிரிதான் தெரிகிறது. நேற்று இரவு ஒரே நீட்டாகத் தூங்கினான். நானும் தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால், அம்மா கண்ணெல்லாம் சிவந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இவன் இவ்வளவு நேரம் அழவில்லையே, மூச்சு இருக்கிறதா என்று இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

எனவே இன்றைக்குச் சட்டையை நான் மாட்டினேன். அம்மா தகராறு செய்தாள், எனக்கென்ன, ஊட்லதானே இருக்கிறேன் என்றாள். நான் விடவில்லை, நீ படுக்கிற மூலையில் பாயை விரித்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கேட்டில் எல்லம்மா அக்கா எதிர்ப்பட்டது. என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தது. நான் இங்கே இருந்தால் அப்புறம் யார் தூங்குவது என்று கையால் கேட்டது. அம்மா என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அந்தப் பாடத்தில் நான் எப்போதும் முதல் மார்க். அக்கா கூடையைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டைத் தாண்டியது.

இதை ஆரம்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த பெஞ்ச் என்று அம்மா சொல்லவில்லை, இரண்டு மூன்று இருக்கின்றன. வேப்பமர நிழல் விழுகிற ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். உன் பேரன் என் மடியில் இருக்கிறான். வண்டி ஒன்று வந்து நின்று போனது. என்னிடமும் டிக்கெட் இல்லை. தேவைப்படவும் இல்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் நைனா. உன் சட்டை இனி பீரோவுக்குள் போகாது. இந்த வீட்டில் யார் விழித்துக் களைத்தாலும், கம்பெனிக்குப் போனவரோ, ஊட்லதானே இருந்தவரோ, அது அவர்களுக்காகக் கேட்டில் தொங்கும். நாளைக்கு இவன் வளர்ந்து ஒருத்தியைக் கட்டி அவள் பிள்ளை பெற்றால், மாட்டுகிற கை இவனுடையதாக இருக்கும்படி வளர்க்கிறேன்.

நீ கனவிலே கினவிலே வருவதாக இருந்தால் இன்றைக்கு வேண்டாம். வந்தாலும் கேட்டைச் சத்தமாகத் திறக்காதே. அம்மா தூங்குகிறாள்.

இப்படிக்கு,
நீ தூங்க வேண்டும் என்று ரயிலடியில் வளர்ந்த உன் மகள்,
மஞ்சு